கரவன் ஓனிங் ஆடினால் முதலில் மரத்தைப் பாருங்கள்

கரவன் ட்ரெயிலரின் சுவரில் இருந்து நிழலுக்காக விரிக்கிற துணிக் கூரைதான் ஓனிங். அது ஆடத் தொடங்கினால் எல்லோரும் முதலில் கை வைப்பது ஸ்க்ரூவில்தான். இறுக்கிப் பார்ப்போம். இறுகாவிட்டால் கொஞ்சம் தடித்த ஸ்க்ரூ வாங்கி வந்து அதே ஓட்டையில் போடுவோம். திருகோணமலைக்குப் பக்கத்தில் நிலாவெளியில் என் மச்சான் பழையதாக வாங்கி வைத்திருக்கும் ட்ரெயிலருக்கும் முன்பு வைத்திருந்தவர்கள் இதைத்தான் செய்திருந்தார்கள். ஒரே பிராக்கெட்டில் மூன்று விதமான ஸ்க்ரூ இருந்தது. அப்படியிருந்தும் காற்று கொஞ்சம் எழும்பினாலே ஓனிங்கைத் தாங்கும் முன்பக்கக் கை சுவரை விட்டு விரலளவு விலகிப் போய், திரும்ப வந்து தகட்டில் டக், டக் என்று அடிக்கும்.

குற்றம் ஸ்க்ரூவில் இல்லை. அது பிடித்திருந்த மரம் உக்கிப் போயிருந்தது. அந்த மரத்துக்குத் தண்ணீர் எந்த வழியால் போனது என்று கண்டுபிடித்து அடைக்காமல் செய்கிற எந்த வேலையும் அடுத்த மாரி வரைக்கும்தான் நிற்கும். கடற்கரைப் பக்கம் இப்படி ஒரு வண்டியோ, ஓனிங் பூட்டிய சாப்பாட்டு ட்ரெயிலரோ வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்பதால் செய்ததை விவரமாக எழுதுகிறேன்.

வண்டி பெரிதல்ல, 12 அடி நீளம். கீழே இரும்புச் சட்டம், அதன் மேல் மரத்தால் கட்டிய கூடு, வெளியே மெல்லிய அலுமினியத் தகடு, உள்ளே பிளைவுட். கதவு இருக்கும் பக்கத்தில் கூரைக்குச் சற்றுக் கீழே ஒரு அலுமினிய ரெயில் ஓடுகிறது. ஓனிங் துணியின் ஓரத்தில் தைத்திருக்கும் கயிறு அந்த ரெயிலின் காடிக்குள் நுழைந்து நிற்கும். துணியின் மறு ஓரம் ரோலர் குழாயில். குழாயின் முனைகளுக்குள் முறுக்கு ஸ்பிரிங். குழாயை இரண்டு பக்கமும் இரண்டு கைகள் தாங்குகின்றன. ஒவ்வொரு கையும் மேலே ஒரு பிராக்கெட், கீழே ஒரு பிராக்கெட் என்று சுவரோடு பூட்டியிருக்கும். விரித்தால் 8 அடிக்கு 6½ அடி நிழல் கிடைக்கும். மே தொடக்கம் செப்டெம்பர் வரைதான் எங்கள் கரைக்கு வெளிநாட்டுக்காரர் கனக்க வருகிற காலம். வெயிலும் அப்போதுதான் உச்சம். நிழல் இல்லாத வண்டியில் பகலில் ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

மச்சான் முதலில் சொன்னது, "இறுக்கி விட்டாக் காணும்தானே?" அதற்குப் பதிலாக அவருக்குக் காற்றின் கணக்கைச் சொன்னேன். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் வீசும் காற்று நேராக வந்து அடித்தால் ஏறத்தாழ 75 பாஸ்கல் அழுத்தம் கொடுக்கும். அதாவது ஒரு சதுர மீற்றருக்கு ஏழரைக் கிலோவுக்குச் சற்று மேல். எங்கள் துணி கிட்டத்தட்ட 4.8 சதுர மீற்றர். ஆகவே 37 கிலோ அளவு பாரம் அந்தப் பிராக்கெட்டுகளையும் ரெயிலையும் பிடித்து இழுக்கிறது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாரம் நான்கு மடங்காகும். அதுவும் கட்டித் தொங்கவிட்ட பாரம் மாதிரிச் சும்மா இருக்காது. துணி படபடக்க, விட்டு விட்டு உலுக்கும். உக்கிய மரத்தில் நிற்கும் ஸ்க்ரூ அந்த உலுக்கலை எத்தனை நாளுக்குத் தாங்கும்?

எங்கள் ஊரில் காற்று ஒரு பக்கத்தால் மட்டும் வருவதுமில்லை. ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் காற்று தரைப்பக்கத்தில் இருந்து சூடாகவும் வறண்டும் அடிக்கும். பின்னேரத்தில் கடற்காற்று ஏறும் நாட்களும் உண்டு. கதவு கடலைப் பார்த்தபடி வண்டி நிற்பதால் அந்தக் காற்று துணிக்கு அடியில் புகுந்து தூக்கும். ஐப்பசி தொடக்கம் தை வரைக்கும் வாடை மழையோடு வரும். அது மேலிருந்து விழுகிற மழையல்ல, கடலில் இருந்து படுக்கையாக வந்து சுவரில் அடிக்கிற மழை. ஓனிங் ரெயில் இருக்கும் சுவர்தான் அதை முழுக்க வாங்குகிறது.

எதையும் கழற்ற முன் தண்ணீர் விட்டுப் பார்த்தோம். இந்தச் சோதனைக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது: கீழிருந்து மேலே போக வேண்டும். எடுத்த எடுப்பில் கூரையில் தண்ணீர் விட்டால் அது எல்லா இடத்தாலும் வழிந்து வரும், ஓட்டை எது என்று தெரியவே தெரியாது. மச்சான் வெளியில் நின்று ஹோஸ் குழாயால் அழுத்தம் இல்லாமல் தண்ணீர் விட்டார். முதலில் யன்னலுக்குக் கீழே, பிறகு யன்னல் ஓரம், பிறகு ரெயில், கடைசியாகக் கூரை விளிம்பு. ஒவ்வொரு உயரத்திலும் நல்ல நேரம் விட்டுத்தான் அடுத்ததற்குப் போனோம். நான் உள்ளே டோர்ச்சோடு நின்றேன். யன்னல் வரைக்கும் ஒன்றுமில்லை. ரெயிலுக்கு வந்ததும் முன்பக்கப் பிராக்கெட்டுக்கு நேர் உள்ளே பிளைவுட் கறுத்து நனைந்தது. கூரை விளிம்பைக் குறை சொல்லிக்கொண்டிருந்த மச்சானுக்கு அது ஆச்சரியம். ரெயிலின் மேல் விளிம்பில் பூசியிருந்த பழைய சிலிக்கன் வெயிலில் காய்ந்து சுவரை விட்டு விலகியிருந்தது. அந்த இடுக்கில் தேங்கும் தண்ணீர் ரெயிலின் ஸ்க்ரூ ஓட்டைகளால் நேரே மரத்துக்குள் இறங்கியிருக்கிறது.

பிறகு சுவரைத் தட்டிப் பார்த்தேன். ஸ்க்ரூ ட்ரைவரின் பிடியால் சாண் சாணாகத் தட்டிக்கொண்டு போனால் நல்ல மரம் உள்ள இடம் இறுக்கமாகச் சத்தம் கொடுக்கும், உக்கிய இடம் பொத்தென்று கேட்கும். சத்தம் மாறுகிற இரண்டு இடத்திலும் பென்சிலால் கோடு போட்டேன். இடையில் இரண்டடி. உள்ளே வெட்டிப் பார்த்தபோது உக்கல் அந்தக் கோடுகளுக்குள்ளேதான் அடங்கியிருந்தது.

இனி ஸ்பிரிங். இந்த வேலையில் ஆளுக்குக் காயம் வருமென்றால் இந்த இடத்தில்தான் வரும். ஓனிங் சுருண்டிருக்கும்போதும் குழாய்க்குள் இருக்கும் ஸ்பிரிங் முறுக்கோடுதான் இருக்கும். அதைப் பூட்டாமல் கையைக் குழாயில் இருந்து கழற்றினால், முனை மூடியும் அதோடு சேர்ந்த கையும் அத்தனை சுற்றும் ஒரே வீச்சில் சுழலும். விரலோ மணிக்கட்டோ முறிகிற வேகம் அது. முனை மூடியில் ஒரு சிறு ஓட்டை இருக்கும். உள்ளே இருக்கும் தண்டின் ஓட்டையோடு அதை நேர்ப்படுத்தி, இரண்டு காலுள்ள கம்பி ஆணியான கொட்டர் பின் ஒன்றை அதற்குள் செலுத்தி, அதன் கால்களை விரித்துவிட வேண்டும். இரண்டு முனையிலும் அப்படிச் செய்த பிறகும், சுருட்டிய துணியைச் சுற்றி மூன்று இடத்தில் கயிறு கட்டினோம். ஸ்பிரிங்கின் முறுக்கை முழுவதும் விட வேண்டி வந்தால் லொக்கிங் பிளையரால் தண்டைப் பிடித்துக்கொண்டு சுற்றுச் சுற்றாக விட்டு, எத்தனை சுற்று, எந்தப் பக்கம் என்று குழாயிலேயே மார்க்கர் பேனாவால் எழுதி வையுங்கள். இடது பக்கமும் வலது பக்கமும் எதிரெதிராகச் சுற்றும். கடதாசியில் எழுதினால் தேவைப்படும் நேரத்தில் கடதாசி இருக்காது.

கழற்றுவது இரண்டு ஆள் வேலை. ஆளுக்கொரு ஏணி. ரெயிலின் ஒரு முனையைத் திறந்து, காடிக்குள் சவர்க்காரத் தண்ணீர் விட்டு, துணியை மெதுவாகப் பக்கவாட்டில் இழுத்தால் குழாயும் துணியும் ஒன்றாக வெளியே வந்துவிடும்.

ரெயிலில் இருந்த ஸ்க்ரூக்களில் பாதி விரலாலேயே கழன்றது. கூடவே கறுத்த ஈர மரநார் ஒட்டிக்கொண்டு வந்தது. சாதாரண இரும்பு ஸ்க்ரூக்கள் கறள் பிடித்து நடுவில் மெலிந்திருந்தன. ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூக்கள் பார்க்கப் புதிதாக இருந்தாலும் அவற்றைச் சுற்றி அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிர்ந்து ஓட்டை பெருத்திருந்தது. இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்புத் தண்ணீர் சேர்ந்தால் அது ஒரு சிறு மின்கலம் மாதிரி வேலை செய்யும். அதில் அரிபடுவது எப்போதும் அலுமினியம்தான், ஸ்டெயின்லெஸ் அல்ல. 'ஸ்டெயின்லெஸ் போட்டுவிட்டேன், இனிப் பயமில்லை' என்று கடற்கரையில் யாரும் நினைக்கக் கூடாது. ஸ்டெயின்லெஸ்ஸும் 316 என்ற ரகமாக இருக்க வேண்டும். அதில் 2 முதல் 3 வீதம் மொலிப்டினம் கலந்திருப்பதால் உப்புக்குச் சாதாரண 304 ரகத்தை விட நன்றாகத் தாக்குப்பிடிக்கும். அதற்கு மேல், அலுமினியத்தை அது தொடாதபடி நைலோன் வாஷரும் போட வேண்டும்.

உள்ளே பிளைவுட்டை வெட்டித் திறந்ததும் பழைய ஈரச்சாக்கு மணம் அடித்தது. முன்பக்கப் பிராக்கெட்டுக்குப் பின்னால் இருந்த கிடைமரம் உளி படும் முன்னே உதிர்ந்தது. நல்ல மரம் தென்படும் வரைக்கும் வெட்டினோம், அதற்கு அப்பாலும் இரண்டு அங்குலம் வெட்டினோம். இதில் மனம் இரங்கக் கூடாது. உக்கலை உண்டாக்கும் பூஞ்சணம் கண்ணுக்குத் தெரியும் எல்லையோடு நிற்பதில்லை. பிறகு நாலைந்து நாள் திறந்தபடியே விட்டோம். கச்சான் அடிக்கிற காலம் என்பதால் உள்ளே ஒரு ஃபேன் மட்டும் வைத்தது போதுமாக இருந்தது. மாரியில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம் என்று சொல்வதற்கு இதுவே காரணம். அப்போது மரம் காயவே காயாது.

புது மரத்துக்கு மச்சானின் அயலில் உடைத்த பழைய வீட்டின் கதவு நிலை கிடைத்தது. முதிரை. பல வருடம் காய்ந்த மரம், ஸ்க்ரூவைக் கடித்துப் பிடிப்பதில் அதற்கு நிகர் குறைவு. ஆனால் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். முன்னோட்டை போடாமல் ஸ்க்ரூ ஏற்றினால் வெடிக்கும். 6 மில்லிமீற்றர் ஸ்க்ரூவுக்கு 4.5 மில்லிமீற்றர் ட்ரில் பிட் சரியாக இருந்தது. அடுத்தது, முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் கடியும் தடிப்பும் உண்டாக்கும். முகமூடியும் முழுக்கைச் சட்டையும் போட்டு அறுப்பது நல்லது.

ஒட்டுவதற்கு என்ன பாவிப்பது என்று கேட்கத் திருக்கடலூரில் ஃபைபர் போட் பழுது பார்க்கிற ஒரு அண்ணையிடம் போனேன். திருகோணமலையில் கரவன் பழுது பார்க்கிற கடை தேடி அலைவதை விட இவர்களிடம் போவது எவ்வளவோ மேல். உப்பும் வெயிலும் உலுக்கலும் ஒரு பொருளை என்ன செய்யும் என்று இவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. போட்டுக்குப் போடும் பொலியெஸ்டர் ரெசினையே தரும்படி கேட்டேன். அவர் மரத்துண்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது ஃபைபருக்கு ஃபைபர் ஒட்டத்தான் நல்லம். மரத்துக்கு அடிச்சா மேல் தோலா நிண்டிட்டு ஒருநாள் கழண்டு வரும். இப்பொக்சி வாங்குங்கோ" என்று, இரண்டு பாகத்தைக் கலந்து இறுகவிடும் பசையைச் சொன்னார். தன்னிடம் இருக்கிற சரக்கை விற்காமல் சரியானதைச் சொல்லி அனுப்பிய மனுசன். இன்னொன்றும் சொன்னார்: வெட்டு முகத்தில் முதலில் தனி இப்பொக்சியைப் பூசி அது உறிஞ்ச விட வேண்டும், பிறகு மரத்தூள் கலந்து தடிப்பாக்கியதை வைக்க வேண்டும். நேரே தடிப்பானதை வைத்தால் மரம் அதில் உள்ள பசையை உறிஞ்சிக்கொள்ள, மூட்டு வறண்டுவிடும்.

எங்கள் வெக்கையில் இப்பொக்சி மிக வேகமாக இறுகும். ஆழமான கோப்பையில் கலந்தால் தன் சூட்டிலேயே கொதித்துப் புகையும். தட்டையான தட்டில், ஒருமுறைக்குக் கொஞ்சமாக, காலமை வெயில் ஏற முன் கலந்தோம். முதிரையில் எண்ணெய்த் தன்மை இருப்பதால் ஒட்டும் முகத்தை அசிற்றோனால் துடைத்த உடனேயே பூசினோம். புதுத் துண்டின் இரண்டு முனையையும் பழைய மரத்தோடு சரிவாக வெட்டிப் பொருத்தினோம். நேர்வெட்டு மூட்டை விடச் சரிவு மூட்டில் ஒட்டும் பரப்பு அதிகம். ரெயில் நெடுகிலும் நல்ல மரத்தில் இருந்த பழைய ஓட்டைகளைப் பெரிதாக்கி, தடித்த இப்பொக்சியால் நிரப்பி, இறுகிய பின் நடுவில் புதிதாகத் துளைத்தோம். தீக்குச்சியும் பசையும் வைத்து ஓட்டையை நிரப்புகிற வழக்கம் வீட்டு அலுமாரிக்குச் சரி. இழுபடுகிற ஓனிங்குக்கு அது பயணத்தில் செய்கிற தற்காலிக வேலை மட்டுமே.

மேல் பிராக்கெட்டுக்கு இனி மரத்தை மட்டும் நம்புவதில்லை என்று முடிவெடுத்தோம். சுவரை ஊடுருவிப் போல்ட் போட்டு, உள்பக்கம் 3 மில்லிமீற்றர் தடிப்பில் உள்ளங்கை அகல அலுமினியத் தகடு வைத்து, நைலோன் பிடியுள்ள நட்டால் பூட்டினோம். இழுவை இரண்டு ஸ்க்ரூ ஓட்டையில் விழாமல் தகட்டின் முழு அகலத்துக்கும் பரவும். பிராக்கெட்டை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினேன், வண்டிதான் அசைந்தது.

அடைப்பு வேலைக்கு சிலிக்கன் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். சிலிக்கன் ஒருமுறை பட்ட இடத்தில் வேறெதுவும் ஒட்டாது, புது சிலிக்கன்கூடச் சரியாக ஒட்டாது. பழையதை எடுக்க எங்களுக்குப் பிடித்த நேரம் மரவேலைக்குப் பிடித்ததை விட அதிகம். பிளேட்டால் சீவி, ஸ்கொட்ச் பிரைட்டால் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து, திரும்பத் தேய்த்து, தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக நிற்காமல் பரவுகிற நிலை வரும்வரை செய்ய வேண்டும். ரெயிலுக்கும் பிராக்கெட்டுக்கும் அடியில் பியூட்டில் டேப் என்கிற ஒட்டும் ரப்பர்ப் பட்டையை ஒட்டினோம். இங்கே கடைகளில் கிடைக்கவில்லை, கொழும்பில் இருந்து பஸ்ஸில் வரவழைத்தோம். அது காய்ந்து இறுகாது, எப்போதும் களி போல இழுபடும். தகடு வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும்போது அதுவும் கூடவே போகும். ஸ்க்ரூவை ஒரே மூச்சில் இறுக்காமல், ஓரத்தால் பியூட்டில் பிதுங்கத் தொடங்கியதும் நிறுத்தி, மறுநாள் வெயில் ஏறிய பின் இன்னும் கொஞ்சம், அதற்கு அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் என்று இறுக்கினோம். பிதுங்கியதைச் சீவி, ரெயிலின் மேல் விளிம்பிலும் இரண்டு முனையிலும் மட்டும் பொலியூரித்தேன் சீலன்ட் ஓட்டினோம். கீழ் விளிம்பை வேண்டுமென்றே திறந்து விட்டோம். எப்படியோ ஒரு துளி உள்ளே போனால் அது வெளியே வரவும் வழி வேண்டும்.

துணியில் வேலை குறைவு. ரெயில் பக்கத் தையல் வெயிலில் நூல் உக்கி விட்டுப்போயிருந்தது. முச்சக்கரவண்டி குஷன் தைக்கிற கடையில் கொடுத்தோம். தடித்த பொலியெஸ்டர் நூலால், பழைய ஊசி ஓட்டைகளுக்குச் சற்றுத் தள்ளி, தையலைக் கொஞ்சம் அகலமாகப் போடச் சொன்னோம். நெருக்கித் தைத்தால் பலம் என்று அந்தப் பெடியன் நினைத்தான். இந்த ரெக்சின் மாதிரித் துணியில் நெருக்கித் தைத்தால் ஓட்டை வரிசையோடு கிழியும்.

முறுக்கை விட்டிருந்தால், திரும்பப் பூட்டும்போது குழாயில் எழுதி வைத்த சுற்றுகளை அப்படியே ஏற்ற வேண்டும். கைகளைப் பூட்டிய பிறகே கொட்டர் பின்னை எடுத்தோம். அதன் பிறகு மெதுவாக விரித்து, இரண்டு கையும் ஒரே நேரத்தில் நீள்கிறதா, துணி ஒரு பக்கம் சரிகிறதா என்று பார்த்தோம். பின்பக்கக் கையை எப்போதும் ஒரு சாண் பதித்து வைக்க வேண்டும். மழை பெய்தால் தண்ணீர் அந்த மூலையால் வழிந்துவிடும். சமமாக விரித்தால் நடுவில் குளமாகத் தேங்கும். ஒரு சதுர மீற்றரில் 2 அங்குலம் தண்ணீர் நின்றாலே 50 கிலோ.

கடைசியாக, கயிறு. நிலாவெளி மணலில் கூடார ஆணி அடித்தால் குழந்தை இழுத்தாலும் வரும். உரப்பையில் முக்கால்வாசி மணல் நிரப்பி வாயைக் கட்டி, கயிற்றைப் பையின் நடுவில் சுற்றி, முழங்கால் ஆழக் குழியில் படுக்கையாகப் புதைத்து மூடி மிதித்தோம். ஓனிங் கையின் முனையில் இருந்து வரும் கயிறு அந்தப் பையைப் பிடித்திருக்கிறது. இப்போது அடியால் வரும் காற்று தூக்கும்போது இழுவையில் பெரும்பங்கு மணலுக்குப் போகிறது. அதுவும் ஓரளவு காற்றுக்குத்தான். தென்னோலை ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்கிற காற்று வந்தால் சுருட்டிவிட வேண்டும். இரவில் ஆள் இல்லாமல் விரித்து விடக் கூடாது. விருந்தினருக்கு விளங்கும்படி இதை ஆங்கிலத்திலும் எழுதிக் கதவின் உள்பக்கம் ஒட்டும்படி மச்சானிடம் சொல்லி, ஒட்டியும் ஆயிற்று. மழையில் நனைந்தபடி சுருட்ட நேர்ந்தால் அடுத்த வெயிலில் விரித்துக் காயவிட வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும்.

உள்ளே வெட்டிய பிளைவுட்டை ஒரேயடியாக அடைக்காமல், பிராக்கெட்டுக்கு நேரே ஒரு சிறு மூடியாக நான்கு ஸ்க்ரூவில் பூட்டி வைத்திருக்கிறோம். மாரி முடிந்து தை மாதம் அதைத் திறந்து பார்த்தேன். முதிரை காய்ந்து கிடந்தது, தகட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி இல்லை, போல்டில் ஸ்பானர் வைத்தால் அசையவில்லை. பின்பக்கப் பிராக்கெட்டுக்குப் பின்னால் இன்னும் பழைய மரம்தான் இருக்கிறது. தட்டினால் சத்தம் நன்றாகத்தான் கேட்கிறது. ஆனாலும் அங்கேயும் தகடு வைத்துப் போல்ட் போடுவதற்கு அடுத்த கச்சான் காலத்தை ஒதுக்கி வைத்திருக்கிறோம். மிச்ச பியூட்டில் டேப் மச்சானின் அலுமாரியில் இருக்கிறது.